கேட்பது ஆர் எண்டும் எழுதுங்கோ

இன்று காலை முதலாம் வருடப் பிள்ளைகள் எங்கள் ஒலிப்பதிவுக் கருவியை அலுமாரியிலிருந்து எடுத்தார்கள். ஒருத்தி மைக்கின் கறுப்பு ஸ்பொஞ்சை மூக்கருகே பிடித்து, "அக்கா, இதில கராம்பு மணக்குது" என்றாள். சட்டென்று பறித்துக்கொண்டேன். ஓமடி, பறித்தேன். தொண்டைக்கு நல்லது என்று எந்நேரமும் கராம்பை மென்றபடி மைக்கை வாயில் ஒட்டிவைத்துக் கதைப்பவள் நீதானே. டெங்குக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உன் மணம் மட்டும் வவுனியா வளாகத்தை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

வன்னிச் சனத்தின் படங்களையும் கதைகளையும் கணினியில் ஏற்றிவைத்தால் இனியொரு சண்டையில் ஓட நேர்ந்தாலும் அவை தொலையாது என்றுதான் நாங்கள் மாணவர்கள் சிலர் அந்த ஆவணகத்தைத் தொடங்கினோம். நீ வந்தது படங்களை ஸ்கேன் பண்ண. தொடக்கத்தில் மூலையில் இருந்து பேசாமல் வேலை செய்வாய். மற்றவர்கள் வீடு வீடாகப் போவோம். முன்னறைக்குள் நுழைந்ததும் சுவரைப் பார்ப்போம். மாலை போட்ட படம் ஒன்று எப்படியும் தொங்கும். "இவர் ஆர் அம்மா?" என்றால் போதும். புதுக்குடியிருப்பிலும் எங்கள் வட்டக்கச்சியிலும் அந்த ஒரு கேள்வியில் சனம் மனந்திறந்து கதைத்தது.

பிறகு குழுத் தலைவன் சுதன் முல்லைத்தீவில் முஸ்லிம்கள் இருக்கும் தெருவுக்குப் போய், போன வேகத்திலேயே திரும்பி வந்தான். "அங்க ஒண்டுமில்லை. சுவரெல்லாம் வெறுமை" என்று சொல்லி, கணினியில் 'பதிவு இல்லை' என்று அடித்தான். நீ சிரித்தாயே ஒரு சிரிப்பு! புரைக்கேறும் வரை சிரித்தாய்.

"எங்கட வீட்டில ஆர் படத்துக்கு மாலை போடுறது? மௌத்தானவைக்கு நாங்கள் துஆதான் கேக்கிறது."

அடுத்த நொடி உன் முகம் மாறிவிட்டது. "தொண்ணூறில இயக்கம் வெளியேறச் சொல்ல, உடுத்த உடுப்போட புத்தளத்துக்கு வெளிக்கிட்ட சனம் சுதன். எத்தினையோ வருசத்துக்குப் பிறகு திரும்பி வந்தா, 'நீங்கள் எப்ப இஞ்ச வந்தனீங்கள்' எண்டு கேக்கினம். இப்ப நீயும் ஒண்டுமில்லை எண்டு எழுதினா, நாங்கள் இஞ்ச இருக்கவேயில்லை எண்டுதானே ஆகும்?"

மறுவாரம் எங்களைக் கூட்டிக்கொண்டு அதே தெருவுக்குப் போனாய். தூரத்து உறவில் உனக்கு மாமி முறையான ஒருவரின் வீடு. சுவரை நீ திரும்பியும் பார்க்கவில்லை. "மாமி, இந்த வளவில முந்தி என்னென்ன இருந்தது?" என்றாய். அவ்வளவுதான், அவா எழும்பி நடக்கத் தொடங்கிவிட்டா. இதில குசினி, இதில கிணறு, வேலிக்கு அங்கால பூரணமக்கா, வெளிக்கிடேக்க புட்டுக் கட்டித் தந்தவா. நீ மைக்கோடு பின்னால் போனாய், அவா சிரித்தா, அழுதா. சுதன் கமராவைத் தூக்கியதும் முக்காட்டை இழுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டா. "நீ போய் வேலியடியில நிக்கிற அந்த ஆட்டுக்குட்டியோட கதைச்சுக்கொண்டு நில்" என்று அவனைக் கலைத்துவிட்டாய். பாவம், அவனும் போய் நின்றான்.

நாயாற்றில் உனக்கே அது திரும்பி நடந்தது. மீனவ வீட்டு அம்மா உன் பர்தாவைப் பார்த்துத் தேத்தண்ணி தந்தா, இறால் விலை சொன்னா, அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அடுத்த முறை நான் தனியாகப் போனபோது மகனைப் பற்றி மத்தியானம் முழுக்கச் சொல்லி அழுதா. நீ கோபிப்பாய் என்று பயந்தேன். நீயோ, "எனக்குச் சொல்லுறதை உனக்குச் சொல்ல மாட்டினம், உனக்குச் சொல்லுறதை எனக்குச் சொல்ல மாட்டினம். அதையும் பதியோணும். ஒவ்வொரு பதிவிலயும் கேட்டது ஆர், எந்த ஊர், ஆரின்ர பிள்ளை எண்டு முதல்ல வரட்டும்" என்றாய்.

சுதன் விடவில்லை. "நாங்கள் ஆர் எண்டது எதுக்கு? பதியிற ஆள் ஒதுங்கி நிக்கோணும்."

"ஒதுங்கி நிண்டுதானே சுவரை மட்டும் பார்த்திட்டு வந்தனீ?"

அன்றிலிருந்து அதுவே எங்கள் வழக்கம். இப்போது வேறு ஊர்களிலிருந்து வருகிறவர்கள் இதைக் கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். உன்னை நினைக்க எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? சத்தமாகவே சொல்கிறேன்.

போன கிழமை ஆவணகத்தின் வெளியீடு. வாசலில் உன் படத்தை மாலை போட்டு வைப்போம், குத்துவிளக்கும் ஏற்றுவோம் என்று சுதன் ஒற்றைக்காலில் நின்றான். படத்துக்குப் பிரேம்கூட வாங்கி வந்துவிட்டான். நான் மறித்தேன். "அப்ப அவளுக்கு ஒண்டும் செய்யாம விடுறதோ?" என்றவனுக்குக் கண் கலங்கிவிட்டது. உன் உம்மாவிடமே கேட்போம் என்று போனில் அழைத்தேன். "படம் வேண்டாம் மகள்" என்றா. பிறகு, "அவட குரல் இருந்தா அதைப் போடுங்கோ. நானும் வந்து கேக்கிறன்" என்றா.

வட்டக்கச்சிச் சனம், நாயாற்றுச் சனம், உன் தெருச் சனம் எல்லோரும் ஒரே மண்டபத்தில் இருந்தார்கள். மாமியின் பதிவைப் போட்டோம். முதலில், அந்த வழக்கம் வந்த பிறகு நீ அதில் சேர்த்துவைத்த உன் குரல் வந்தது: "கேக்கிறது நான். புத்தளத்தில பிறந்தனான். உம்மா வாப்பாட ஊர் முல்லைத்தீவு. அப்ப, எனக்கும் இது ஊர்தான்."

முன்வரிசையில் இருந்த மாமி ஸ்பீக்கரைப் பார்த்து, அத்தனை பேருக்கும் கேட்க, "ஓம் மகள், உன்ர ஊர்தான்" என்றா. உன் உம்மா அவாவின் கையைப் பிடித்துக்கொண்டா.

இன்று அந்தப் பிள்ளைகளோடு புதிய வீடொன்றுக்குப் போனேன். பதிவை நான்தான் தொடக்கிவைத்தேன். "கேக்கிறது நான். வட்டக்கச்சி. யாழ்ப்பாணத்தில இருந்து வயல் செய்ய வந்து குடியேறின கமக்காரரின்ர பேத்தி. கேக்கப் பழக்கினது முல்லைத்தீவாள் ஒருத்தி."