காட்டெருமைகளுக்குக் கேட்காத கார்

அன்புள்ள ஆன்சி அப்பாவுக்கு,

உங்கள் இருமல் குறைந்ததா? ஆன்சி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? குன்னூரில் நான் நலம். போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

நாம் வாங்க நினைக்கும் அதே மின்சாரக் காரை எங்கள் பள்ளி தீபலட்சுமி டீச்சர் வைத்திருக்கிறார். சனிக்கிழமை எனக்கு ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். பர்லியார் வரை போய் வந்தேன். இறக்கத்தில் சார்ஜ் தானாகக் கூடுகிறது, ஏற்றத்திலும் திணறவில்லை. பின்சீட்டில் அத்தையும் ஆன்சியும் தாராளமாக உட்காரலாம்.

திரும்பும்போது எஸ்டேட் சாலையில் பனிமூட்டம். வண்டியில் சத்தமே இல்லாததால் காட்டெருமைகளுக்கு நான் வருவது தெரியவில்லை. கூட்டத்தின் நடுவில் மாட்டிக்கொண்டேன். ஒன்றின் மூச்சு என் பக்கக் கண்ணாடியில் படிந்தது. ஹாரனில் கை வைத்தேன். அப்போது ஓர் ஆண்குரல் நிதானமாகச் சொன்னது:

“அடிக்காதீங்க அம்மணி. லைட்ட அணைச்சுப்போட்டு அசையாம இருங்க. அதுங்களே போயிருமுங்க.”

அப்படியே செய்தேன். அவை விலகிப் போயின. நன்றி சொல்லத் திரும்பினேன், யாரும் இல்லை. கண்ணாடிகள் எல்லாம் மூடியிருந்தன. குரலோ பின்சீட்டிலிருந்து கேட்டது.

பயந்ததில் அப்படித் தோன்றியிருக்கும். சொன்னால் தீபலட்சுமி சிரிப்பார் என்று நினைத்தேன். “உங்களுக்குமா கேட்டுச்சுங்க?” என்றார்.

கம்பளி சாக்ஸும் மிளகுப்பொடியும் அனுப்புங்கள். உங்கள் பழைய சட்டை ஒன்றும் வையுங்கள், துவைக்க வேண்டாம்.

பள்ளி மணி அடித்துவிட்டது. கார் நம் வீட்டுக்கு ஏற்றதுதான், வாங்கலாம். ஆனால் மலைக்கு நீங்களே ஓட்டி வாருங்கள். நான் முன்சீட்டில்தான் உட்காருவேன்.

உங்கள்
செலஸ்டின்