அந்தத் தாளில் கையெழுத்து வேண்டாம்

சாம்பல்தீவு,
திருகோணமலை.
செவ்வாய்க்கிழமை

அன்பின் கீர்த்தனியின் அப்பாவுக்கு,

நானும் மகளும் சுகம். நீங்களும் சுகம் என்று போனில் சொன்னீர்கள். அது பொய் என்று தெரிந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இவ்வளவு காலமும் போனில் கதைத்தவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். உங்கள் அறையில் மேற்பார்வையாளரின் ஆள் ஒருவன் படுக்கிறானாம், அவனுக்குத் தமிழ் விளங்குமாம். போதாததற்கு, நான் வாயைத் திறந்தால் நீங்கள் இடையில் புகுந்து கதையை மாற்றிவிடுவீர்கள். தாளில் அது ஏலாது. உங்களோடு வேலை செய்யும் ஸஜ்ஜாத் தங்கையின் கலியாணத்துக்குக் கிண்ணியா வந்திருந்தாரல்லவா, வியாழக்கிழமை ருமேனியாவுக்குத் திரும்புகிறார். நெத்தலிக் கருவாட்டுப் பார்சலுக்குள் இதை வைத்து அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

அவர்தான் நேற்று வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். முதலில் எழும்பிப் போகத்தான் பார்த்தார். தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, சொல்லாமல் போக விடமாட்டேன் என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். கம்பனி சொல்வதுபோல நீங்கள் படியில் சறுக்கி விழவில்லை. மரம் ஏற்றும் மெசினில் இடக்கை நசிந்து மூன்று விரல் போய்விட்டது. அறைப் படியில் விழுந்ததாக எழுதிய தாளில் மாத முடிவுக்குள் கையெழுத்துப் போட்டால், மூன்று மாதச் சம்பளமும் விமான ரிக்கற்றும் தருவார்களாம். ஆள் இறங்கும்போது மெசினை அசையாமல் பூட்டும் பாதுகாப்பு லீவரைத் துணியால் கட்டி வைத்தது உங்கள் பிழை என்கிறார்களாம். நீங்களும் 'ஓம், நான்தானே கட்டினனான்' என்று தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறீர்களாம். கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது.

ஏன் கட்டினீர்கள்? இறங்கும்போதெல்லாம் லீவரைத் தூக்கி மெசினைப் பூட்டி, ஏறியதும் திரும்ப இறக்கினால், ஒரு நாளைக்கு ஒரு லொறி குறையும். லொறி குறைந்தால் காசு குறையும். இங்கே கன்னியா வீதி மரக்காலையில் பெக்கோ மெசினால் மரம் ஏற்றிய காலத்திலும் அப்படித்தான். எல்லோரும் கட்டினீர்கள், முதலாளி கண்டும் காணாததுபோலப் போனார். லொறிக்கு இவ்வளவு என்று சம்பளம் வைத்தவனுக்கு லீவர் கட்டியிருப்பது தெரியாதா? நைலோன் கயிறு வழுக்கும் என்று, என் பழைய சேலைக் கரையைக் கிழித்து, நீங்கள் ருமேனியாவுக்குப் போகும்போது உங்கள் பையில் வைத்துவிட்டது நான். அந்தப் பாரத்தை நான் சுமந்துகொள்கிறேன். ஆனால் முழுப் பழியையும் உங்கள் தலையில் போட்டுவிட்டு அவர்கள் தப்ப நான் விடமாட்டேன்.

வீட்டுச் செலவை நினைத்துத்தான் பேனையை எடுப்பீர்கள், எனக்குத் தெரியும். தேங்காய் இருநூறு ரூபாய்க்குப் போனபோதும் மரக்காலையில் நாள் முடிய அதே மூவாயிரத்து ஐந்நூறுதான் தந்தார்கள், அதனால்தானே போனீர்கள். இப்போது நான் நிலாவெளியில் ஒரு ஹோட்டலுக்குப் படுக்கை விரிப்புத் துவைக்கப் போகிறேன். கோபப்படுங்கள், ஆனாலும் போவேன். பால்மா வாங்குவதை நிறுத்தியாயிற்று, பிளேன்ரீ குடித்து யாரும் செத்துப்போகவில்லை. கீர்த்தனி கணக்கு ரியூசனை விட்டுவிட்டுத் தானாகப் படித்து எழுபத்தெட்டு எடுத்திருக்கிறாள். உங்களைப் போல ரோசக்காரி. நான் மெலிந்துவிட்டேன் என்று ஸஜ்ஜாத் சொல்லுவார், நம்பாதீர்கள்.

அங்கே பட்டணத்தில் வெளிநாட்டு வேலையாட்களுக்கு உதவி செய்யும் அலுவலகம் ஒன்று இருக்கிறதாம். காலில் மரம் விழுந்த நேபாளப் பொடியன் ஒருவன் அங்கே போய்த்தான் நட்டஈடு எடுத்தானாம். ஸஜ்ஜாத் ஒரு நாள் லீவு போட்டு உங்களைக் கூட்டிக்கொண்டு போவதாக என்னிடம் வாக்குத் தந்திருக்கிறார். அங்கே எதையும் ஒளிக்க வேண்டாம். லீவரைக் கட்டியதையும் சொல்லுங்கள், லொறிக்கு எவ்வளவு என்பதையும் சொல்லுங்கள், துணியைத் தந்தவள் பெண்சாதி என்றும் சொல்லுங்கள். என் அடையாள அட்டையைப் போட்டோப் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் நான் பதில் சொல்லுவேன்.

ஒன்றும் தராமல் அனுப்பினால் வாருங்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நானே வந்து கூட்டிக்கொண்டு வருவேன். பசி எங்களுக்குப் புதிதில்லை. உழைத்துக் கை போனவரைப் படியில் விழுந்தவர் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு வாழ மட்டும் என்னால் ஏலாது.

கோணேசர் உங்களுக்குத் துணையிருப்பார். வலக்கைக்கு ஒன்றும் இல்லை என்று ஸஜ்ஜாத் சொன்னார். அந்தக் கையால் அவர்களுடைய தாளைத் தொடாதீர்கள். எனக்கு நாலு வரி எழுதுங்கள். சுகம் என்று எழுத வேண்டாம். எவ்வளவு நோகிறது என்று எழுதுங்கள்.

உங்கள்,
தயாளினி வினோதன்