ஃபோல்டரை மாற்றியது நீ இல்லை

இன்று காலை அலுவலகத்தில் ஒரு இணையதளம் படமில்லாமல், நிறமில்லாமல், வெறும் எழுத்தாகத் திரையில் வந்து நின்றது. உடனே உன் நினைவு வந்தது. கூடவே அந்தக் கோபமும்.

தம்பானூரில் நாம் இருவரும் சேர்ந்து வேலை பார்த்த சின்ன கம்பெனி. இரத்த தானம் செய்வோரைத் தேடித் தரும் தளத்தை நீ ஒருத்தியே எழுதி முடித்திருந்தாய். திறப்பு விழா அன்று காலை, முதலாளி நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அதைத் தூக்கி வேறொரு தளத்துக்குள் ஒரு ஃபோல்டரில் போட்டுவிட்டார். விருந்தினர் முன்னால் திறந்தபோது படங்கள் வரவில்லை. எதைத் தொட்டாலும் பக்கம் இல்லை என்றது.

"இந்தப் பொண்ணு சோதிச்சுப் பாக்காம ஏத்திட்டா," என்று எல்லார் காதிலும் விழும்படி மலையாளத்தில் சொன்னார்.

நீ உட்கார்ந்து, தளத்தின் அமைப்புகளை எழுதிவைத்திருந்த கான்ஃபிக் ஃபைலைத் திறந்தாய். தளத்தின் முகவரி இருந்த வரியில் ஃபோல்டர் பெயரைச் சேர்த்தாய். படங்கள் வந்தன, உள்பக்கங்கள் வரவில்லை.

"இன்னொரு எடத்துல பழைய வழியே இருக்கு, கேட்டயா," என்று முணுமுணுத்தபடி, பக்கங்களைத் திருப்பிவிடும் ஃபைலைத் தேடி எடுத்தாய். அங்கே வெறும் சாய்கோடு மட்டும் இருந்தது. அதன் பின்னால் அதே பெயரை எழுதினாய். எல்லாம் ஓடியது. கைதட்டலை அவர் வாங்கிக்கொண்டார்.

"நீ எதுக்கு மிண்டாம, வாயே தொறக்காம இருக்க? மாத்துனது அவருதான்னு சொல்லு," என்றேன்.

"சைட் ஓடறதோல்லியோ. யாருக்காவது ரத்தம் கெடைச்சாப் போறும். விடுடி."

நீ விட்டாய். அவர் விடவில்லை. அடுத்த வேலையில் உன்னைச் சேர்க்காமல், பெயரும் விலாசமும் தட்டச்சு செய்ய உட்காரவைத்தார். நோய் வந்து வேலையை விட்டு நிற்கும்வரை அதைத்தான் செய்தாய்.

நீ போன பிறகு, துக்கம் விசாரிக்கக் கரமனையில் உன் வீட்டுக்கு வந்த முதலாளி உன் அம்மாவிடம், "நல்ல குட்டி. ஒரே ஒரு தப்பு பண்ணினா, நான்தான் சரியாக்கினேன்," என்றார். அந்த வீட்டிலேயே.

"தப்பு அவளோடது இல்ல மாமி. மாத்துனது இவரு. சரி பண்ணுனது அவ," என்றேன்.

"அது பழைய விஷயமல்லே," என்று அவர் செருப்பைத் தேடினார். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கிட்ட அவ சொல்லவேயில்லையே," என்றாள்.

அதற்காக உன்மேலும் எனக்குக் கோபம். உன் பொறுமையைப் பலர் புகழ்ந்தார்கள், நான் புகழமாட்டேன். என்னோடு வேலை பார்க்கும் ஒருத்திமேல் பழி விழுந்தால், கூட்டம் கலைவதற்குள் எழுந்துவிடுகிறேன். குரல் நடுங்குகிறது. ஆனாலும் பேசிவிடுகிறேன்.