வலது காலுக்கு ஒரு அப்பீல்

1974 ஜூன் 10, திங்கள்

காத்து. விடியறப்பவே தென்னை மட்டை ரெண்டு விழுந்து கிடந்தது. மழை மட்டும் இல்லை. பாலக்காட்டுல கொட்டுதாம், சித்தூர்ல தூறலாம். எங்க ஊரு எருத்தேன்பதிக்கு வர்றப்ப மேகத்துக்கு வேற சோலி வந்துருது.

செய்ய வேண்டியது:
– மாட்டுக்குப் புண்ணாக்கு
– மோட்டார் ரூம் ஓடு மாத்தணும்
– பட்டாள ஆபீஸ் (போன வாரமும் இதே. அதுக்கு முந்தின வாரமும் இதே.)

பால் ஊத்திட்டு வண்டித்தாவளம் வழியாப் போற முதல் பஸ். ஆபீஸ் திறக்கறதுக்கு முந்தியே போய் நின்னாச்சு. குமாஸ்தா பாஸ்கரன் நல்ல மனுசன்தான், அவனும் பட்டாளத்துல நாயக்கா இருந்தவன். ஆனா வாயத் திறந்தா ஒரே பேச்சு. "மேலேந்நு மறுபடி ஒந்நும் வந்நிட்டில்ல." மேலேயிருந்து பதில் வரலையாம். மேலேன்னா எங்க? கைலாசத்துலயா? கேட்டேன். சிரிச்சுட்டு டீ வாங்கிக் குடுத்தான். டீ குடிக்கவா பஸ் ஏறி வர்றேன்.

திரும்பறப்ப பஸ்ல பக்கத்துச் சீட்டு ஆள், என்ற கையில இருந்த பென்சன் காயிதத்தை எட்டிப் பாத்துட்டு: "ஏனுங்க, ஆளு திடமாத்தானே இருக்கறீங்க, உங்களுக்கு எதுக்குங்க ஊனப் பென்சன்?" சொல்லித் தொலைச்சேன். எழுபத்தொண்ணு சண்டை சமயம். பனி மலை. மூணு டன் லாரி, நான் டிரைவர். இஞ்சின் செத்துப் போய் விடிய விடிய வண்டிக்குள்ள. பூட்ஸுக்குள்ள தண்ணி போய் உறைஞ்சு வலது பாதம் கருத்துப் போச்சு. அப்புறம் தோல் உரிஞ்சு புதுத் தோல் வந்துச்சு. உணர்ச்சி மட்டும் திரும்பி வரலை. அடுத்த வருஷம் ரிலீஸ் ஆகி ஊருக்கு வந்தேன். பென்சன் கேட்டேன், இல்லைன்னாங்க. அப்பீல் போட்டேன். அதுக்கு இல்லைன்னு சொல்லக்கூட ஆளில்லை.

எல்லாத்தையும் கேட்டுட்டு அந்தாள், "கிள்ளிப் பாக்கட்டுங்களா?"ன்னான். அட கெரகமே.

ஜூன் 13, வியாழன்

காத்துதான் இன்னைக்கும். தொட்டித் தண்ணியெல்லாம் தூசி.

ஊட்டுக்காரி சரசு கத்தின கத்துல பக்கத்துத் தோட்டத்துல இருந்து ஆளுக வந்துட்டாங்க. நான் பாட்டுக்கு மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுட்டு இருக்கேன். "மாமா, காலைப் பாருங்க!" வாசல்ல இருந்து மாட்டுச்சாளை வரைக்கும் ரத்தம். என்ற ரத்தம். பாதத்துல சோடா பாட்டில் ஓடு, பாதி உள்ள. எப்பக் குத்துச்சுன்னே தெரியாது.

சரசு மஞ்சள் வெச்சுக் கட்டினா. கட்டறப்ப 'ஸ்ஸ்'னது அவதான். எனக்கு ஒண்ணுமே தெரியலை. வலிச்சாத் தேவலைன்னு இருக்குது. சத்தியமா. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வலிச்சாப் போதும்.

ஜூன் 19, புதன்

மச்சான் மாரப்பன் (சரசுவோட அண்ணன்) லாரி வாங்கிட்டான். பழைய வண்டி, நல்ல வண்டி. "மாப்ள, நீங்க இருக்கறப்ப வெளியாளு எதுக்குங்க? ஏறுங்க." ஏறினேன். சீட்டுல உக்காந்ததும் கண்ணு கலங்கிருச்சு, அதை மறைக்கக் கண்ணாடியத் துடைச்சேன்.

வாய்க்கா மேட்டு ரோடு வரைக்கும் ஜோராப் போச்சு. வளைவுல ஒரு எருமை. பிரேக்குல மிதிச்சேன்னு நினைச்சேன். கால் இருந்தது ஆக்சிலேட்டர்ல. எருமை தப்பிச்சுது. நாங்க நெலக்கடலைக் காட்டுக்குள்ள.

மாரப்பன் திட்டலை. திட்டியிருந்தா ஆறுதலா இருந்திருக்கும். பொழுதோட ஊட்டுக்கு வந்து மெதுவா ஆரம்பிச்சான்: "அந்த அப்பீலை உட்டுருங்க மாப்ள. சர்க்காரோட மல்லுக்கட்டி ஆகப்போறது என்ன? பஞ்சாயத்துல சொல்லி வாட்ச்மேன் வேலை பாத்துத் தர்றனுங்க."

வாட்ச்மேன் வேலை வேண்டாம்னு இல்லை. ஆனா உட மாட்டேன். கால் ஊரு மாட்டுச்சாளையில போகலை. அவங்க வண்டியில, அவங்க சரக்கோட, அவங்க போகச் சொன்ன ரோட்டுல போச்சு. அதை ஒருத்தன் ஒத்துக்கணும். ஒத்துக்கற வரைக்கும் வண்டித்தாவளம் பஸ்ல என்ற சீட்டு காலியா இருக்காது.

மாரப்பன் சாப்பிடாமப் போயிட்டான். சரசுக்கு என் மேல கோபம். ரசம் மட்டும் ஊத்தினா.

ஜூன் 24, திங்கள்

இன்னைக்கு விசயம் விளங்குச்சு.

பாஸ்கரன் டீ சொல்லிட்டு, சும்மா பேச்சு வாக்குல கேட்டான்: "ரிலீஸ் சமயத்துல டாக்டர் போர்டு பார்த்தாங்க இல்லே? கர்னல் என்ன கேட்டார்?"

"வழக்கமாக் கேக்கறதுதாங்க. கோயி தக்லீஃப்? ஏதாவது குறை உண்டான்னு."

"நிங்கள் எந்து பறஞ்ஞு?"

"வழக்கமாச் சொல்றதுதான். நஹீ, சாப்!"

பாஸ்கரன் தலையில கைய வெச்சுட்டான்.

மாசம் பொறந்தா பட்டாளத்துல எல்லாரையும் வரிசையா நிறுத்தி பெரிய ஆபீசர் இதே கேள்வியைக் கேப்பாரு. கோயி தக்லீஃப்? மொத்தக் கூட்டமும் ஒரே குரல்ல: நஹீ, சாப்! சோத்துல புழு இருந்தாலும் நஹீ. காய்ச்சல்ல நடுங்கறவனும் நஹீ. லீவு கிடைக்காம ஆத்தா சாவுக்குப் போக முடியாதவனும் நஹீ. அது பதிலே இல்லை, சல்யூட் மாதிரி. ஆபீசர் கேட்டா வாய் தானாச் சொல்லும். அன்னைக்கும் அப்படித்தான். செத்த காலோட விறைப்பா நின்னு, தொண்டை கிழிய, நஹீ, சாப்! கர்னல் "சபாஷ்"னாரு. எழுதிட்டாரு. ஆளுக்குக் குறை ஒண்ணுமில்லை.

"எல்லாரும் இதே பறயும்"னான் பாஸ்கரன். "ஞானும் பறஞ்ஞு. என்ற முதுகு இன்னும் நேராகலை." அவனும் அதே நஹீதான் சொன்னானாம், அப்பீல் போடவே இல்லையாம். வெட்கமாம்.

எனக்கு வெட்கமில்லை. எனக்குக் கோபம். பதில் சொல்லச் சொல்லிக் குடுத்ததும் பட்டாளம், அந்தப் பதிலைக் காட்டி இல்லைங்கறதும் பட்டாளம்.

ஜூலை 3, புதன்

மழை! ஒரு நாழி. மண்ணு நனைஞ்சுது.

தபால். அப்பீல் போர்டு இந்த மாசம் 23, பட்டாள ஆஸ்பத்திரியில. நேர்ல வரணும். சரசு சாமி படத்துக்கு முன்னால வெச்சா. எடுத்து டிரங்குப் பெட்டியில வெச்சேன். மறுபடி கொண்டுபோய் படத்துக்கு முன்னாலயே வெச்சுட்டா.

ஜூலை 14, ஞாயிறு

மாரப்பன் வந்தான், ராசி ஆயிட்டோம். கையில ஊன்றுகோல். "நொண்டிக்கிட்டே உள்ள போங்க மாப்ள. கொஞ்சம் முனகுங்க. நம்புவாங்க."

முடியாதுன்னுட்டேன். நடிக்கறதுக்கு என்ன இருக்குது? உள்ளதே போதும். உள்ளதைச் சொல்றதுக்குத்தான் வாய் வர மாட்டேங்குது.

சரசு சும்மா இருப்பாளா. "அப்படின்னா பழகிப் பாக்கலாமுங்க." மாரப்பனோட துண்டைத் தலையில கட்டிக்கிட்டு அவளே கட்டில்ல உக்காந்துட்டா, கர்னலாம். குரலை மாத்தி, "ஏனப்பா, குறை ஏதாச்சு உண்டா?"

சிரிச்சுட்டே நின்னேன். அவ இந்தியில கேளுங்கன்னு அண்ணனை விரட்டினா. மாரப்பன் திக்கித் திக்கி, "கோயி தக்லீப்?"

கால் ரெண்டும் பட்டுன்னு சேந்துக்கிச்சு. "நஹீ, சாப்!"

ஊடே அதிர்ந்துச்சு. கோழி பறந்துச்சு. மாரப்பன் உருண்டு சிரிச்சான். சரசு சிரிக்கலை. துண்டை அவுத்துப் போட்டா. "எங்கிட்ட மட்டும் அது இல்லை இது இல்லைன்னு நாள் முழுக்கக் கத்தறீங்களே மாமா. அங்க போனா ஊமையா? ஒரு தடவை 'இருக்குது'ன்னு சொன்னா வாய் வெந்துருமா?"



ஜூலை 24, புதன்

ரயில்ல எழுதறேன். பகல் வண்டி. எழுத்து கோணல். நேத்து நடந்தது, வரிசையா:

ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சு. பக்கத்துல ஒருத்தன், சேவியர்னு பேரு, சூரியநெல்லி எஸ்டேட்டு. பீரங்கிப் படையில இருந்தவன். கழுத்துல சிலுவை, இஸ்திரி போட்ட சட்டை, நெஞ்சுல மெடல். தெக்கத்திப் பேச்சு, அதையும் கத்திக் கத்திப் பேசறான். "பாக்டரியில சங்கு ஊதுனது கேக்கலவே. மெசின்ல கை போகப் பாத்துச்சு. சூப்பர்வைசர் வேலைய விட்டு நிறுத்திட்டான். நாலு பிள்ளைக. பாதிரியார்தான் மனு எழுதித் தந்தாரு." நான் இடப்பக்கம் இருந்து பேசினது ஒண்ணும் அவனுக்கு ஏறலை, தலைய மட்டும் ஆட்டினான். வலப்பக்கமும் கிட்டப் போய்க் கத்தினாத்தான்.

எனக்கு முந்தி அவன். கதவு திறந்தே இருந்தது. உள்ள மூணு பேர், நடுவுல கர்னல். சேவியர் அடிச்ச சல்யூட்டுல ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துச்சு.

"கோயி தக்லீஃப்?"

"நஹீ, சாப்!"

எப்ப எந்திரிச்சேன், எப்ப உள்ள போனேன், தெரியாது. "பொய், சாப்!" கத்தினது நான்தான். "அவனுக்குக் காது கேக்காது, சாப்!"

கர்னல் மூஞ்சி செவந்துச்சு. வெளிய போன்னாரு. போகலை. என்ற பதினேழு வருஷ சர்வீசுல ஒரு ஆபீசர் போன்னு சொல்லி நான் நின்னது அதுதான் முதல் தடவை. "அவனுக்கு நீ என்ன வேணும்?" "ஒண்ணுமில்லை சாப். காலையில பெஞ்சுல பாத்தது. பின்னால நின்னு கூப்பிட்டுப் பாருங்க."

கர்னல் எந்திரிச்சு அவன் முதுகுக்குப் பின்னால போனாரு. "சேவியர்." மறுபடி, சத்தமா, "சேவியர்!" அவன் சுவத்தைப் பாத்துட்டு விறைப்பா நிக்கறான். கண்ணுகூட அசையலை. கர்னல் திரும்பி வந்து உக்காந்தாரு. ரொம்ப நேரம் எழுதினாரு.

அடுத்து நான். அடுத்தவனுக்காகக் கத்தறது சுலபம். அதே கேள்வி கேட்டதும் கால் தானாச் சேந்துக்கிச்சு. நாக்கு 'ந'வுல போய் நின்னுச்சு. நின்ன இடத்துலயே மென்னு முழுங்கினேன்.

"ஹை, சாப்." இருக்குது.

அப்புறம் நிக்கலை. பனி, பூட்ஸ், பாட்டில் ஓடு, எருமை எல்லாம். சின்ன டாக்டர் கண்ணை மூடச் சொல்லி ஊசியில குத்தினாரு. குத்தினது எனக்குத் தெரியவே இல்லை, கணுக்கால் தாண்டற வரைக்கும். "அன்னைக்கே ஏன் சொல்லலை?"ன்னாரு கர்னல். "இருக்குதுன்னு சொல்றதுக்கு எங்களுக்கு யாரும் சொல்லித் தரலை, சாப்." குனிஞ்சு எழுதினாரு. எழுதினதைப் படிச்சுக் காட்டச் சொன்னேன். முறைச்சாரு. படிச்சாரு. சிபாரிசு பண்ணியிருக்கறாராம். முடிவு வடக்கே பெரிய ஆபீஸ்லயாம். நாளாகுமாம்.

இனி இன்னைக்கு. ஸ்டேஷன்ல சேவியர் என்னைப் பாத்ததும் பிலுபிலுன்னு பிடிச்சுக்கிட்டான். "ஒம்மளை யாருவே கூப்பிட்டா? ஆபீசர் முன்னால என்னைய பொய்யனாக்கிட்டீரே!" மெடலைக் கழட்டிப் பையில போட்டான். ஒரே பெட்டி, எதிர் எதிர் சீட்டு. மணிக்கணக்கா மூஞ்சியத் திருப்பிட்டு வந்தான். தப்புப் பண்ணிட்டனோன்னு யோசிச்சேன். பண்ணலை.

இப்ப ஏதோ ஒரு ஸ்டேஷன். இறங்கிப் போய் ரெண்டு டீ வாங்கிட்டு வந்தான். ஒண்ணை எங்கிட்ட நீட்டினான். அவன் இடப்பக்கத்துல உக்காந்தேன். உடனே என் தோளைப் பிடிச்சுத் தள்ளி, பெட்டியே திரும்பிப் பாக்கற சத்தத்துல சொன்னான்:

"இந்தப் பக்கம் வந்து உக்காரும்வே. அந்தக் காது செத்துப் போச்சு."

ஆகஸ்ட் 5, திங்கள்

தூறல். பஸ் லேட்டு.

பாஸ்கரன்: "வந்நிட்டில்ல." இதுக்கெல்லாம் மனசு உடைய மாட்டேன். ஞாபகமூட்டு மனு ஒண்ணு குடுத்தான், அங்கயே உக்காந்து நிரப்பினேன். குறை என்னன்னு எழுத ஒத்தை வரி விட்டிருக்காங்க. அது காலுக்கே பத்தலை. பின்பக்கம் முழுக்க எழுதினேன். அதுவும் பத்தலை. இன்னொரு தாள் கேட்டேன்.

"இத்ரயும் எழுதணோ?"

எழுதோணும்னேன். ரெண்டு தாளா எடுத்து, ஒண்ணை எனக்குக் குடுத்துட்டு, இன்னொண்ணைத் தன் முன்னால வெச்சுப் பேனாவைத் திறந்தான்.