பாதி சுரண்டிய கம்பி

மார்ச் 10
பள்ளிக்கூடத்திலிருந்து போன். வெள்ளிக்கிழமை அவர்கள் முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்டணுமாம். பிடித்திருந்தால் அறிவியல் ஆசிரியை வேலை. பிரசவத்துக்கு வேலையை விட்டவளுக்கு இத்தனை வருஷத்தில் வந்த முதல் அழைப்பு. இதையும் கோட்டைவிட்டால் இனி எவன் கூப்பிடப் போகிறான்?

வீட்டுச் சாமானிலேயே மின்மோட்டார் செய்து காட்டப்போகிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். பேப்பரை இறக்காமலே, "பொம்மை காட்டினா வேலையைத் தூக்கிக் குடுத்துடுவாங்களாக்கும்?" என்றார். ரிப்பேர் செய்கிறேன் பேர்வழி என்று மேசை ஃபேனைப் பிரித்து, திரும்ப மாட்டத் தெரியாமல் கட்டிலடியில் தள்ளிய மகாமேதை!

மார்ச் 11
மேதையின் ஃபேனிலிருந்து செம்புக் கம்பி. பழைய ஸ்பீக்கரிலிருந்து காந்தம். ஒரு பேட்டரி, ரெண்டு ஊக்கு, ரப்பர் பேண்ட். கம்பியை வளையமாகச் சுற்றி, இரண்டு முனைகளையும், பேட்டரியில் ரப்பர் பேண்டால் இறுக்கிய ஊக்குகளின் கண்ணில் மாட்டினேன்.

கம்பிமேல் கரன்ட் கடத்தாத பூச்சு இருக்கும். ஒரு முனையை முழுக்கச் சுரண்டணும். இன்னொன்றை ஒரு பக்கம் மட்டும். அரைச் சுற்றுக்குக் கரன்ட் பாயணும், அரைச் சுற்றுக்கு நிற்கணும். ரெண்டையும் முழுக்கச் சுரண்டினால் முன்னே ஒரு தள்ளு, பின்னே ஒரு தள்ளு. நம்ம குடும்பம் மாதிரி நின்ற இடத்திலேயே நடுங்கும்.

சுத்துச்சு! அடியம்மா, என்னமா சுத்துச்சு!

மார்ச் 13
நாத்தனார் வந்திறங்கியாச்சு. வந்ததும் வராததுமாக நான் கழுவிய பாத்திரத்தையெல்லாம் மறுபடி தேய்த்தார். "எதையும் பாதியில விடறதே உனக்குப் பழக்கமாப் போச்சு." மேல்படிப்பு, வேலை, பாத்திரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே குத்து.

மார்ச் 14
சுத்தல. நடுங்கிட்டு நின்னுடுச்சு. தலைமையாசிரியை கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறார், தாளாளர் கொட்டாவி விடுகிறார்.

எடுத்துப் பார்த்தேன். ரெண்டு முனையும் பளபளவென்று மின்னுது. பாதகி! பாத்திரத்தோடு பாத்திரமாக இதையும் தேய்ச்சிருக்கா!

பூச்சு போயிருந்தால் பூசணும், அவ்வளவுதானே? "மேடம், உங்ககிட்ட நெயில் பாலிஷ் இருக்குமா?" வாசலில் 'நகப்பூச்சு கூடாது' என்று கொட்டை எழுத்தில் பலகை. தலைமையாசிரியை தாளாளரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் கைப்பையிலிருந்து எடுத்தார். ரத்தச் சிவப்பு!

ஒரு முனையில் ஒரு பக்கம் மட்டும் பூசி, ஊதி ஊதிக் காய வைத்துக்கொண்டே, முழுக்கச் சுரண்டினால் ஏன் சுற்றாது என்று சொல்லி முடித்தேன். காந்தத்தின்மேல் வைத்து விரலால் ஒரு தட்டு.

தாளாளர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

வீட்டில் நாத்தனார்: "உன் கம்பியை நான்தான் சுத்தம் பண்ணி வெச்சேன். ஒரு வார்த்தை நல்லதாச் சொன்னியா?" வீட்டுக்காரர்: "என் ஃபேன் கம்பியாச்சே, சுத்தாம இருக்குமா?"



மார்ச் 20
பள்ளிக்கூடத்திலிருந்து வேலைக் கடிதம் வந்தது. அழுதுட்டேன். போகட்டும், யாரும் பார்க்கலை.

ஜூன் 9
காலை டீ வீட்டுக்காரர் போட்டார். குடித்த டம்ளரையும் அவரே கழுவினார். அடியில் கறை அப்படியே இருந்தது. "எப்படி?" என்று கேட்டார்.

"பிரமாதம்" என்றேன். மீதியை நான் தேய்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் முதல் மணி எட்டரைக்கு.