மணற்பாறைக் குழி

மார்ச் 4, செவ்வாய்

மருந்துக் கடையில் இன்று இரண்டு சீட்டுக்கு மாத்திரையை மாற்றி எடுத்துவிட்டேன். முதலாளி திட்டவில்லை. "வீட்டுக்குப் போம்மா" என்றார்.

அண்ணன் வௌவால் கணக்கெடுக்கக் காட்டுக்குள் போய் இன்றோடு பதினேழு நாள். வன அலுவலகம் தேடுவதை நிறுத்திவிட்டது. அண்ணி நிறுத்தவில்லை.

மார்ச் 6

கயிற்றுக்காரர் வந்தார். அண்ணன் குகை, குழிகளில் இறங்கும்போது பத்து வருடமாகக் கயிறு பிடித்தவர். அன்றைக்கு மட்டும் காய்ச்சலில் படுத்துவிட்டார், அண்ணன் தனியாகப் போனான். அதிலிருந்து எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

"நேத்து ஒரு குழி கண்ணுல பட்டுச்சும்மா. பக்கத்து மரத்துல அறுந்த கயிறு ஒரு முழம் தொங்குது. வாய் ரொம்பக் குறுகல். எனக்குத் தோள் நுழையல."

அண்ணி என்னைப் பார்த்தார். அண்ணனும் நானும் ஒரே ஒல்லிக்குச்சி உடம்பு.

மார்ச் 8

இறங்கினேன்.

பெரிதாக ஒன்றுமில்லை. புதருக்கு நடுவே ஓர் ஓட்டை. உள்ளே பானை வயிறு மாதிரி அகன்று எட்டு மீட்டர் போகிறது. மணற்பாறை, தொட்டால் பொலபொலவென்று உதிர்கிறது. அடியிலிருந்து பிடித்து ஏற, கைக்கு எட்டுகிற ஒரு விளிம்புகூட இல்லை.

பாதி வழியில் சுவரில் ஒரு சின்னத் திட்டு. அதில் அவன் பை! கணக்குத் தாளில் பிப்ரவரி 15, மணி 4.10, இருநூற்றுப் பன்னிரண்டு. அதோடு சரி. அன்று ஐந்து மணிக்குத்தான் பேய்மழை பிடித்தது.

திட்டுக்குச் சற்றுக் கீழே, சுவரைச் சுற்றிச் சருகு ஒட்டிய கோடு. தண்ணீர் நின்ற கோடு. தரையில் நின்று பார்த்தால் என் தலைக்கு மேல் இன்னும் ஓர் ஆள் உயரம்.

அடியில் ஒரு சந்து இருந்தது. தவழ்ந்தேன். பத்தடியில் கை மட்டும் நுழையும் பிளவாக முடிந்தது. தண்ணீர் போகும். மனுஷன் எப்படிப் போவான்?

ஈர மணலைக் கையால் தோண்டினேன். முழங்கை ஆழத்தில் அவன் பூட்ஸ். நாடா கட்டியபடியே இருந்தது.

அதற்கு மேல் தோண்டவில்லை. மணலைத் திரும்ப மூடினேன் — ஏன் மூடினேன்?

பையை மட்டும் மேலே கொண்டுவந்தேன்.

மார்ச் 9

"பைதானே கெடச்சுது. மேல ஏறி வந்து வழி தப்பியிருப்பாரு" என்றார் அண்ணி. நானும் ஆமாம் என்றேன். பாவி நான். கயிற்றுக்காரரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 10

அண்ணி அவன் சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்.

மார்ச் 12

காலையில் காய் நறுக்கிக்கொண்டே அண்ணி கேட்டார். "உள்ள தண்ணி எவ்வளவு உயரம் நின்னுருக்கு?"

பொய் வரவில்லை. கையைத் தூக்கிக் காட்டினேன். போதவில்லை. நாற்காலியில் ஏறி நீட்டினேன்.

"இன்னும் மேல, அண்ணி."

என் விரல் நுனியையே வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"சரி, எறங்கு. விழுந்துடப் போற."

கத்தியைக் கழுவி வைத்தார். பிறகு கயிற்றுக்காரருக்குப் போன் போட்டு, குழி வாயை வெட்டி அகலமாக்க எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டார்.