நின்று ஊதுகிறவனுக்கு ஒரு வளைகுழாய்

மணவாள நகர்
24-11-1968

சிரஞ்சீவி ஆதிநாராயணனுக்கு நைனா வீரராகவன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தங்கை செல்வியும் இருக்கிறோம், பெரிய குறை ஒன்றுமில்லை. ஜபல்பூரில் குளிர் ஆரம்பித்திருக்கும், நீ சுகமாக இருக்க வேண்டியது. ஆரணி முகூர்த்தத்துக்குப் போன நம் பேண்டு செட்டார் ஆற்றில் தண்ணீர் வந்து மாட்டிக்கொண்டு, கல்யாண வீட்டு ரசத்தையே இரண்டு நாள் சாப்பிட்டுத் திரும்பினார்கள்.

நான் வளைத்து அனுப்பிய நெக் குழாயை ஆல்டோ கிளாரினெட்டின் தலையில் மாட்டியும் பிடரி வலி குறையவில்லை, கையும் மரத்துப்போகிறது, பொங்கலுக்குள் சரியாகாவிட்டால் உன்னை ரெஜிமெண்ட் பேண்டிலிருந்து எடுத்து ஸ்டோர் வேலையில் போட்டுவிடுவார்கள் என்று எழுதியிருந்தாய். தப்பு என்னுடையது. நீ எழுதிய வாத்தியத்தின் நீளத்துக்கு மூங்கில் வெட்டி, அதன் தலையில் நெக்கைச் செருகி, பாயில் சம்மணம் போட்டுத்தான் நான் அளவு பார்த்தேன். முப்பது வருஷம் கல்யாணப் பந்தலில் அப்படியே ஊதியவன், வேறு எப்படிப் பார்ப்பேன். உட்கார்ந்தால் வாத்தியத்தின் கீழ்முனை முன்னால் தள்ளிப்போய், நெக் சரியாக வாய்க்கு வருகிறது. உன் கடிதத்தைப் படித்த செல்விதான், அண்ணன் வாரைக் கழுத்துல மாட்டிக்கினு நின்னுக்கினு ஊதுது, நீ குந்திக்கினு அளவு எடுத்துக்கீறியே நைனா என்றாள். அவளும் உன் உயரம்தானே, அவளையே மூங்கிலை மாட்டிக்கொண்டு நிற்கச் சொன்னேன். நின்றால் அது நேராகத் தொங்குகிறது, நெக்கின் வாய் மேலே பார்க்கிறது, பிள்ளை கோழி மாதிரி குனிந்து கொத்த வேண்டியிருக்கிறது. நாள் முழுக்க இப்படி நின்றால் யாருக்குத்தான் வலிக்காது.

நீ திருப்பி அனுப்பிய நெக்கை துலுக்காணத்தின் பாத்திரப் பட்டறையில் காய்ச்சி, குழாய் சப்பிப்போகாமல் இருக்க உள்ளே அரக்கு ஊற்றி, இன்னும் வளைத்தோம். செல்வி தலை குனியாமல் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி வாய் வைக்க நாலு தடவை ஆயிற்று. தாலி ஏற வேண்டிய கழுத்துல மூங்கிலைக் கட்டி உட்டுக்கீறாரு என்று உன் அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். பார்சலில் அனுப்பியிருக்கிறேன். வாரைச் சுருக்கி வாத்தியத்தை வாய்க்குக் கொண்டு வா, வாயை அதனிடம் கொண்டு போகாதே.

போன கடிதத்தில், ஊத ஊதப் பழகிவிடும் என்று எழுதினேன். அது தவறு. என் வலிக்கும் நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறு மாதமாக வலது கட்டைவிரலில் உணர்ச்சியே இல்லை, கிளாரினெட் நிற்பதே அந்த விரல் மேல்தான். மூன்று முகூர்த்தங்களை விட்டுவிட்டேன். சோறு சுடுகிறதா ஆறிவிட்டதா என்று அந்த விரலுக்குத் தெரியவில்லை. இந்த நெக்கோடு ஒரு வாரம் ஊதிப்பார். மரத்துப்போவது நிற்கவில்லை என்றால் பொங்கல் வரை காத்திராதே, நீயே போய் ஸ்டோர் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள். நீ பேண்டில் இருப்பதை நான் சொல்லாத ஆள் இந்த ஊரில் இல்லை. ஆனாலும் எனக்கு உன் கைதான் முக்கியம்.

வீரராகவப் பெருமாள் துணையிருந்து உன்னை நோய்நொடியில்லாமல் வைக்கட்டும். பார்சல் வந்ததும் கார்டு போடு. அதில் என் விரலைப் பற்றி எதுவும் கேட்காதே, செல்வி உன் கடிதங்களை உன் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டுகிறாள்.

இப்படிக்கு,
உன் நைனா
வீரராகவன்